“எனக்கு ஏன் தங்கச்சி உந்தச் சோதனை?”

ஆசிரியர் ஐயா,

போன மாதம் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு அக்காவிடம், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனைக்குச் சுகவனிதையர் கிளினிக் என்ற அரசாங்கப் பெண்கள் கிளினிக்குக்கு நான் போகிறேன், நீங்களும் வாங்கோவன் என்று கேட்டேன். அவருக்கு 45 முடிந்துவிட்டது, குடும்பநல உத்தியோகத்தர் இரண்டு தரம் வந்து சொல்லிவிட்டும் போயிருக்கிறார். “மனுசன் போய்ச் சேர்ந்து 16 வருசம், எனக்கு ஏன் தங்கச்சி உந்தச் சோதனை?” என்றார். இதே பதிலை வேறு வேறு வாயால் நான் பலதரம் கேட்டிருக்கிறேன் என்பதால்தான் இந்தக் கடிதம்.

அக்காவின் கணக்கு பிழைப்பது இங்கேதான். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஏறத்தாழ எல்லாமே எச்.பி.வி. என்ற வைரஸால் வருவது. தாம்பத்திய உறவில் தொற்றும் இந்த வைரஸ் பெரும்பாலானோருக்கு ஓரிரு வருடத்தில் தானாகவே போய்விடும், சிலருக்கு மட்டும் போகாமல் தங்கி, நோவும் இல்லாமல் அடையாளமும் காட்டாமல் கலங்களை மெதுமெதுவாக மாற்றி, புற்றுநோயாக வருவதற்குப் பொதுவாக 15 முதல் 20 வருடம் எடுக்கும். அப்படியென்றால் கணவரை இழந்து 16 வருடமான பெண்ணுக்கு இந்தச் சோதனை தேவையில்லையா, இப்போதுதான் தேவையா? யுத்தத்தில் கணவரை இழந்தவர்கள் இத்தனை பேர் இருக்கிற எங்கள் ஊரில் இதை உரத்துச் சொல்ல ஒருவரும் இல்லை.

உறவால் தொற்றுவது என்று சொன்னதும் சிலர் முகம் கோணுவார்கள், அதுவும் தெரியும். ஒரே ஒருவரோடு வாழ்ந்த பெண்ணுக்கும் இது வரும், இதற்கும் ஒழுக்கத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சோதனை என்பது கருப்பைக் கழுத்திலிருந்து சிறிய தூரிகையால் கொஞ்சக் கலங்களை வழித்தெடுப்பது, அவ்வளவுதான். கொஞ்சம் சங்கடம், நோவென்று சொல்வதற்கில்லை. புற்றுநோயாகுமுன் மாற்றத்தைக் கண்டுபிடித்தால் அந்தப் பகுதியை மட்டும் அகற்றிவிடலாம். இந்தக் கிளினிக்குகள் 1996இலிருந்து நடக்கின்றன, 35 வயதிலும் 45 வயதிலும் கூப்பிடுகிறார்கள், ஒரு சதமும் வாங்குவதில்லை, பிறசரும் சீனியும் மார்பும் சேர்த்தே பார்த்துவிடுவார்கள். 2017இலிருந்து ஆறாம் ஆண்டுப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இந்த வைரஸுக்குத் தடுப்பூசி போடுகிறார்களே, மகளுக்குப் போடச் சம்மதம் எழுதிக் கொடுத்த எத்தனை தாய்மார் தாங்கள் போய்ச் சோதித்தார்கள்?

பிழை முழுக்கப் பெண்களிலும் இல்லை. 35இல் நான் முதல்தரம் போனபோது திரைச்சீலை பாதிதான் மூடியிருந்தது, பக்கத்தில் ஆட்கள் கதைத்துக்கொண்டு நின்றார்கள், மறுமொழிக்கோ மூன்று மாதத்துக்கு மேல் அலைந்தேன். அப்புறம் எப்படி மற்றவர்களைக் கூட்டிப்போவது? கிளினிக்கும் வேலைநாள் காலையில். படிப்பிக்கிறவர்களும் கடையில் நிற்கிறவர்களும் லீவு போட்டுக்கொண்டா வருவார்கள்? மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது வைத்தால் என்ன?

2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை ஆட்கள் நடந்து காசு சேர்த்துத்தான் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழும்பியது. அங்கே முற்றிய பிறகு பஸ் ஏறிப் போகிறோம், சைக்கிளில் பத்து நிமிடத்தில் இருக்கிற, இந்தக் கிளினிக் நடக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு வருத்தம் வருமுன் போக மாட்டோம்.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் எந்தக் கிழமை கிளினிக், எந்தத் தொலைபேசி இலக்கம் என்று வாரத்தில் ஒருநாள் போடுங்கள். உள்பக்கத்து மூலையில் வேண்டாம், ராசிபலனுக்குப் பக்கத்தில் போடுங்கள், அந்தப் பக்கத்தை வாசிக்காமல் அக்கா பேப்பரை மடிப்பதில்லை. சொல்ல மறந்துவிட்டேன், வருகிற புதன்கிழமை என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார், தான் வருவது ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியக்கூடாதாம்.

ஒரு வாசகி,
கோண்டாவில்