தமிழில் வரலாற்று வீடியோ போடும் நண்பர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

நான் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். ஒன்பதாம் வகுப்பில், ஜெருசலேமைப் பிடிக்க ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் நடத்திய சிலுவைப் போர்கள் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் எழுந்தான். "மிஸ், ரிச்சர்டும் சலாவுதீனும் கத்திச் சண்டை போட்டாங்களே, அதில் யார் ஜெயிச்சது?" இங்கிலாந்து அரசர் ரிச்சர்டும் எகிப்து, சிரியா சுல்தான் சலாவுதீனும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டதே இல்லை என்றேன். அவன் நம்பவில்லை. வீடியோவில் பார்த்தானாம். பின்னணி இசையெல்லாம் இருந்ததாம்.

அவன் மேல் தப்பில்லை. என் கரும்பலகை முப்பது பேருக்குத்தான் எட்டும். உங்கள் குரல் லட்சம் பேருக்கு எட்டுகிறது. அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லும் கதை பெரும்பாலும் இரண்டு மதங்கள் மோதிக்கொண்ட கதை, அதிலும் இரண்டு வீரர்கள் மோதிக்கொண்ட கதை. ஆனால் 1096-ல் முதல் படைகள் கிளம்பியபோது ஜெர்மனியின் வோர்ம்ஸிலும் மைன்ஸிலும் வெட்டுப்பட்டவர்கள் ரைன் நதிக்கரை யூதர்கள். 1204-ல் நான்காம் சிலுவைப் படை சூறையாடியது கான்ஸ்டாண்டிநோபிளை. அது கிறிஸ்தவ நகரம். வெனிஸுக்குத் தரவேண்டிய கப்பல் கடன் கழுத்தை நெரித்ததும் அதற்கு ஒரு காரணம். அரபு வரலாற்றாசிரியர்களும் இந்தப் படைகளை மதப் பெயரால் அழைக்கவில்லை, 'இஃப்ரஞ்ச்', அதாவது ஃபிராங்குகள் (மேற்கு ஐரோப்பியர்கள்) என்றுதான் எழுதினார்கள். அந்தச் சொல்தான் பாரசீகம் வழியாக நம்மிடம் வந்து 'பரங்கி' ஆனது. பரங்கிமலை என்று சொல்லும்போதெல்லாம் அந்தக் காலத்துச் சொல் ஒன்று நம் வாயில் வருகிறது.

சரி, தலைவர்களுக்கு வருகிறேன். 'சிங்க நெஞ்சர்' ரிச்சர்டைப் பற்றிப் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 1191 ஆகஸ்ட் 20 அன்று பாலஸ்தீனக் கடற்கரையின் ஆக்ரே நகருக்கு வெளியே சுமார் 2,700 கைதிகளை அவர் கொல்லவைத்ததையும் சொல்லுங்கள். ஜெருசலேமை நெருங்கிப் போயும் பிடிக்க முடியாமல் திரும்பியவர் அவர் என்பதையும் சொல்லுங்கள். 1187-ல் சலாவுதீன் ஜெருசலேமைப் பிடித்தபோது அங்கிருந்த கிறிஸ்தவர்களுக்குக் காட்டிய கருணையைச் சொல்லும்போது அதற்கு ஒரு விலை இருந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்: ஆணுக்கு 10 தினார், பெண்ணுக்கு 5, குழந்தைக்கு 1. கட்ட முடியாத பல ஆயிரம் பேர் அடிமைகளானார்கள்.

நான் எழுத வந்தது இதற்காக மட்டுமில்லை. போரே இல்லாமல் ஜெருசலேம் கை மாறிய கதை ஒன்று இருக்கிறது. அது நம்மிடம் யாராலும் சரியாகச் சொல்லப்படாமலே கிடக்கிறது.

புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் பிரெடரிக் சிசிலித் தீவின் பலெர்மோவில் வளர்ந்தவர். 1215-லேயே சிலுவைப் போருக்குப் போவதாக நேர்ந்துகொண்டு, வருடக்கணக்கில் தள்ளிப்போட்டார். 1227-ல் கப்பலேறியவர் நோய் என்று சொல்லித் திரும்பியதும் போப் ஒன்பதாம் கிரெகொரி அவரைத் திருச்சபையை விட்டே தள்ளி வைத்தார். தள்ளி வைக்கப்பட்ட நிலையிலேயே 1228-ல் மறுபடி கிளம்பி ஆக்ரேயில் வந்து இறங்கினார். படை சிறியது, அதிலும் பலர் அவர் பேச்சைக் கேட்கத் தயாராக இல்லை.

எதிர்ப்பக்கம் எகிப்தின் சுல்தான் அல்-காமில், சலாவுதீனின் தம்பி மகன். டமாஸ்கஸை ஆண்ட சொந்தச் சகோதரனோடு பகை முற்றியிருந்த காலத்தில், உதவிக்கு வந்தால் ஜெருசலேமைத் தருகிறேன் என்று பிரெடரிக்குக்குச் சொல்லி அனுப்பியவர் அவர்தான். பிரெடரிக் வந்து சேர்வதற்குள் அந்தச் சகோதரன் இறந்துவிட்டான். இப்போது அல்-காமிலுக்குக் கொடுக்கவும் மனமில்லை, டமாஸ்கஸை இனி யார் ஆள்வது என்ற விவகாரம் முடியாமல் இன்னொரு போரைத் தாங்கவும் முடியாது. மாதக்கணக்கில் தூதர்கள் போய் வந்தார்கள். சுல்தானின் தூதர் ஃபக்ருதீனும் பேரரசரும் நண்பர்களே ஆகிவிட்டார்கள்.

1229 பிப்ரவரி 18-ல் ஒப்பந்தம் ஆனது. பத்தாண்டுப் போர்நிறுத்தம். ஜெருசலேம், பெத்லகேம், நாசரேத் பிரெடரிக்குக்கு. அல்-அக்ஸா பள்ளிவாசலும் பாறைக் குவிமாடமும் இருக்கும் வளாகம் முஸ்லிம்களிடமே இருக்கும், அவர்கள் அங்கே தொழலாம். 1099-ல் முதல் சிலுவைப் படை பிடித்தபோது ரத்த ஆறு ஓடிய அதே ஊர் இது.

பிரெடரிக் ஜெருசலேமில் தங்கிய இரவில் பாங்கு சொல்லவேண்டாம் என்று நாப்லுஸ் நகரக் காஜி தடுத்துவிட்டார், விருந்தாளிக்கு மரியாதை என்று. காலையில் பிரெடரிக் ஏன் என்று கேட்டார். இங்கே இரவு தங்கியதே அந்த ஓசையைக் கேட்கத்தான் என்றாராம். அரபு வரலாற்றாசிரியர் இப்னு வாசில் இதை எழுதிவைத்திருக்கிறார். எத்தனை முறை வகுப்பில் சொன்னாலும் இந்த இடத்தில் பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள்.

இரண்டு பேரும் மகான்கள் என்று சொல்லிவிடாதீர்கள். இதே பிரெடரிக்தான் சிசிலி முஸ்லிம்களை வேரோடு பிடுங்கி இத்தாலியின் லூசெராவில் கொண்டுபோய்க் குடிவைத்தவர். ஒப்பந்தமும் நிலைக்கவில்லை. 1244-ல் மத்திய ஆசியாவிலிருந்து வந்த குவாரஸ்மியப் படை ஜெருசலேமுக்குள் புகுந்து அழித்தது.

ஒப்பந்தம் செய்த அந்த இருவரையும் அன்று யாரும் கொண்டாடவும் இல்லை. டமாஸ்கஸ் பெரிய பள்ளிவாசலில் மதப் பேச்சாளர் சிப்த் இப்னு அல்-ஜவ்ஸி ஜெருசலேம் போனதை நினைத்துப் பேசப்பேச, கூட்டம் அழுதது. இந்தப் பக்கம் ஜெருசலேமின் லத்தீன் மறைமுதல்வர், மீட்கப்பட்ட நகரத்திலேயே வழிபாட்டுக்குத் தடை போட்டார். 1229 மே 1 அன்று விடியற்காலையில் பிரெடரிக் யாருக்கும் சொல்லாமல் ஆக்ரே துறைமுகத்துக்கு இறங்கிப் போனார். வழியில் கசாப்புக் கடைத் தெரு. அங்கிருந்தவர்கள் குடலையும் இறைச்சிக் கழிவையும் அள்ளி அவர் மேல் வீசினார்கள். ஜெருசலேமை வாங்கிக்கொடுத்தவருக்குக் கிடைத்த வழியனுப்பு அது.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். கத்திச் சண்டை வருகிற பழைய வீடியோக்களின் கீழே ஒரு திருத்தம் போட்டு பின் பண்ணிவிடுங்கள். அப்புறம், அடுத்த முறை சிலுவைப் போரை எடுக்கும்போது அந்தக் கசாப்புக் கடைத் தெருவிலிருந்து தொடங்குங்கள். அவர்கள் ஏன் வீசினார்கள் என்று கேட்டுவிட்டுக் கதையைப் பின்னோக்கிச் சொல்லுங்கள். லிங்கை என் வகுப்புக்கு நானே அனுப்புகிறேன், அந்தப் பையனுக்கு முதலில்.

அன்புடன்,
ஒரு வரலாற்று ஆசிரியை