நாற்பது தாண்டிய ஆண்களின் களைப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் நாற்பது, ஐம்பது வயது ஆண் ஒருவர் களைப்பு என்றால் வெயில், வயல் வேலை, வயசு என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ஆசை குறைந்துவிட்டது, காலையில் விறைப்பு வருவதில்லை, சும்மா எரிச்சல் வருகிறது என்பதை அவர் மனைவியிடமே சொல்லமாட்டார், பிறகு எங்கே டொக்டரிடம் சொல்வது! ஆனால் போனில் விளம்பரம் பார்த்து ஆண்மை லேகியம் வாங்க மட்டும் காசு இருக்கும்.

இதற்கெல்லாம் ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டெரோன் குறைவதும் ஒரு காரணமாக இருக்கலாம், அதை இரத்தப் பரிசோதனையில் பார்க்கலாம். காலையில்தான் அதன் அளவு கூடுதலாக இருக்கும் என்பதால் இரத்தத்தையும் காலையிலேயே, வெறும் வயிற்றில் கொடுப்பது நல்லது. குறைவாக வந்தால் இன்னொரு நாளும் எடுத்துப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். ஒட்டுசுட்டானுக்கு உள்ளே இருந்து பஸ் பிடித்து மத்தியானம் போய்ச் சேருபவருக்கு இதை முன்கூட்டியே யாராவது சொல்லவேண்டாமா?

இன்னொன்று, இதே அறிகுறிகள் நீரிழிவு, தைரொயிட், மனச்சோர்வு, அளவுமீறிய குடி, தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் குறட்டை இவற்றாலும் வரும். 2009 போரைக் கடந்து வந்த எங்கள் ஆட்களிடம் மனச்சோர்வைக் கேட்காமல் விடுவது சரியில்லை. அப்புறம், குறைவுக்குப் போடும் டெஸ்டோஸ்டெரோன் ஊசி விந்தணு உற்பத்தியைக் குறைக்கும், பிள்ளை வேண்டும் என்பவர்கள் முதலிலேயே டொக்டரிடம் சொல்லிவிடவேண்டும்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆஸ்பத்திரிகளின் நீரிழிவு கிளினிக்குகளில் வரிசையில் நிற்கும் மற்றவர்களுக்குக் கேட்காதபடி ஆண்களிடம் இதை விசாரிக்க ஒரு மறைவான இடம் ஒதுக்கினால் போதும், பெரிய செலவு ஒன்றும் இல்லை.

ஒரு வாசகர்,
மாங்குளம்