கீழவயலை விற்க வேண்டாம், அப்பா

சாஸ்கடூன், கனடா

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீங்கள், அம்மா, தம்பி எல்லோருடைய நலமும் அறிய ஆவல். சம்பா நடவு முடிந்துவிட்டதாகத் தம்பி சொன்னான். வடவாற்றில் தண்ணீர் தடையில்லாமல் வருகிறதா? வீராணம் நிரம்பியதா?

சென்ற வாரம் போனில் நீங்கள் இரண்டு கேள்வி கேட்டீர்கள். ஊரைச் சுற்றிச் சுரங்கமாமே, மாப்பிள்ளை பூமிக்கு அடியில் போய் வேலை செய்வது பத்திரம்தானா என்பது ஒன்று. இங்கே வீடு வாங்கக் கீழவயலை விற்றுப் பணம் அனுப்பட்டுமா என்பது இன்னொன்று. போனில் பேசினால் பாதியில் அம்மா வாங்கிக்கொள்கிறார், இந்தப் பக்கம் பாப்பா பிடுங்கிக்கொள்கிறாள். இரண்டும் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் என்பதால் எழுதுகிறேன்.

யூரியாவோடு கலந்து மேலுரமாக இறைக்கிறீர்களே சிவப்புப் பொட்டாஷ், அதைத்தான் இங்கே வெட்டி எடுக்கிறார்கள். நம் நாட்டில் அதற்குச் சுரங்கம் கிடையாது. நம் வயலுக்கு வரும் பொட்டாஷ் எல்லாம் கப்பலில் வருவதுதான், அதில் ஒரு பங்கு இந்தச் சஸ்காச்சுவான் மாகாணத்துச் சரக்கு. இங்கிருக்கும் கான்பொடெக்ஸ் என்ற ஏற்றுமதி நிறுவனம் ஆண்டுக்கு 15 லட்சம் டன் வரை மூன்று ஆண்டுகளுக்கு அனுப்புவதாக 2022இல் நம் நாட்டு உர நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்தது. அவற்றில் ஒன்று சென்னையில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் இந்தியன் பொட்டாஷ் நிறுவனம். காலி மூட்டையை அலசிக் காயவைத்துத் திண்ணையில் விரிப்பீர்களே, அந்த மூட்டையில் பெயர் பார்த்திருப்பீர்கள்.

ஏறக்குறைய 38 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இந்தச் சமவெளி முழுக்கக் கடலாக இருந்ததாம். கடல் வற்றிப் படிந்த உப்புதான் ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் படுகை படுகையாகக் கிடக்கிறது. 1940களில் எண்ணெய் தேடித் துளை போட்டவர்கள் கண்ணில் தற்செயலாகப் பட்டது. அந்தச் சிவப்பு நிறம் இரும்புத் துருவின் நிறம்தான். சிவப்பு வீரியம் கூடியது, வெள்ளை மட்டம் என்று கடைத்தெருவில் சொல்வதை நம்பாதீர்கள், இரண்டிலும் சத்து ஒன்றுதான்.

அவர் ஒரு ஒப்பந்ததாரரிடம் எலக்ட்ரீஷியன் வேலையில் இருக்கிறார். சுரங்கத்தில் இயந்திரம் பழுது பார்க்கும் நாட்களில் மட்டும் கீழே இறங்குகிறார். இரும்புக் கூண்டில் நின்றால் சில நிமிடங்களில் அடிக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். மேலே பனியில் மைனஸ் முப்பது என்றால் கீழே நம் ஊர் மார்கழி மதியம் மாதிரி இதமான சூடாம். கீழே ஓடுகிற வண்டிகளையும் வெட்டும் இயந்திரங்களையும் கழற்றித் துண்டுதுண்டாக இறக்கி அங்கேயே பூட்டுகிறார்கள். ஜீப் ஓட்டிக்கொண்டு மணிக்கணக்கில் போகும் அளவுக்குச் சுரங்கப் பாதைகள் இருக்கின்றன. வேலை முடித்து வீட்டுக்கு வந்தால் உதடெல்லாம் உப்பு கரிக்கிறது என்பார். ஒரு நாள் சாப்பாட்டுப் பையில் ஒரு சிறு கட்டியைக் கொண்டுவந்தார். ரோஜா நிறம், நடுவில் கண்ணாடி போல் வெள்ளைக் கீற்று. பாப்பா கற்கண்டு என்று நினைத்து நக்கிவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

பத்திரமா என்று கேட்டீர்கள். ஆபத்தே இல்லை என்று சொன்னால் பொய்யாகும். 2006 ஜனவரியில் மாகாணத்தின் தென்கிழக்கே எஸ்டர்ஹேசி சுரங்கத்தில் தீப்பிடித்து 72 பேர் அடியில் சிக்கிக்கொண்டார்கள். சுரங்கத்துக்குள்ளேயே கதவடைத்துக்கொண்டு இருக்கத்தக்க புகலறைகள் உண்டு. அவற்றில் ஆக்சிஜன், தண்ணீர், உணவு எல்லாம் இருக்கும். ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க அங்கே காத்திருந்து அத்தனை பேரும் உயிரோடு மேலே வந்தார்கள். இவரும் முதல் நாள் இறங்கும் முன்னால் புகலறை எங்கே இருக்கிறது, எப்படிப் போவது என்று பயிற்சி எடுத்துக்கொண்டுதான் இறங்கினார். பொட்டாஷ் சுரங்கத்துக்கு நெருப்பைவிடப் பெரிய எதிரி தண்ணீர். உப்புப் பாறையில் தண்ணீர் புகுந்தால் கரைத்துக்கொண்டே போகும். ஊருக்குக் கிழக்கே பேஷன்ஸ் லேக் என்ற சுரங்கத்தில் 1987இல் தண்ணீர் புகுந்து ஆட்கள் இறங்கவே முடியாமல் போயிற்று. இப்போது அங்கே உப்புநீரை உள்ளே செலுத்தி, கரைந்து வருவதை இறைத்துப் பொட்டாஷ் எடுக்கிறார்கள். இவர் வேலை செய்யும் இடத்தில் கசிவு கண்டால் உடனே பார்க்கத் தனி ஆட்களே இருக்கிறார்கள். அம்மாவிடம் இதில் பாதியை மட்டும் சொல்லுங்கள்.

நெய்வேலி நமக்கு எட்டும் தூரம் என்பதால் சுரங்கம் என்றதும் உங்கள் கண்முன் அந்தப் பள்ளம்தான் வந்திருக்கும். அங்கே பழுப்பு நிலக்கரி எடுக்க மேலே இருக்கிற மண், வீடு, தோப்பு எல்லாவற்றையும் அகற்றியாக வேண்டும். இங்கே வெட்டுவது ஒரு கிலோமீட்டர் கீழே. மேலே கோதுமையும் கனோலா என்கிற எண்ணெய் வித்தும் பட்டாணியும் மசூர் பருப்பும் விளைந்துகொண்டிருக்கின்றன. ஆனால் சேதமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு டன் பொட்டாஷ் எடுத்தால் அதைவிடக் கூடுதலாகச் சாதா உப்பு மிஞ்சுகிறது. அதைச் சுரங்க வாசலிலேயே கொட்டிக் கொட்டி மலையாக்கியிருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் போகும்போது தட்டையான நிலத்தில் வெகு தொலைவிலேயே சாம்பல் வெள்ளையில் அந்தக் குன்று தெரிகிறது. பக்கத்தில் உப்புநீர்க் குட்டைகள். அந்த உப்பு நிலத்தடி நீரில் இறங்காமல் இன்னும் பல தலைமுறைக்குக் காவல் காக்க வேண்டும். உவர் ஏறிய வயலை மீட்பது என்ன பாடு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் அப்பா, இந்த ஊரில் நல்ல விளைநிலத்தை என் கண்ணெதிரே விழுங்குவது சுரங்கம் இல்லை. ஊர்தான்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். புதிதாக வரும் குடியிருப்புகளுக்கு நில அளவை செய்யும் குழுவில் இருக்கிறேன். சாஸ்கடூன் பெரிய நகரம் இல்லை. 2021 கணக்கெடுப்பில் 2,66,141 பேர், தஞ்சாவூரைவிடச் சற்றுப் பெரிது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஆறு, ஆற்றின் மேல் வரிசையாகப் பாலங்கள். ஆனால் வளர்கிற வேகம் பெரியது. எவர்கிரீன், ரோஸ்வுட், பிரைட்டன், ஆஸ்பென் ரிட்ஜ் என்று கிழக்கே வீடுகளாகவே போய்க்கொண்டிருக்கிறது. நகராட்சியே முன்கூட்டி நிலத்தை வாங்கி வைத்து, சாலை, சாக்கடை, குடிநீர் எல்லாம் போட்டு மனையாக்கி விற்கிறது. அந்த லாபம் நகரத்துக்கே திரும்புகிறது. இந்த ஏற்பாட்டை நான் மனதாரப் பாராட்டுகிறேன். நம் ஊரில் இரவோடிரவாகக் கல் நட்டு, வழியும் வாய்க்காலும் இல்லாமல் மனை போட்டு விற்பதைப் பார்த்தவள் நான்.

இங்கே நிலம் சதுரம் சதுரமாக இருக்கிறது. ஒரு மைலுக்கு ஒரு மைல் ஒரு செக்ஷன், அதில் கால் பங்கே 160 ஏக்கர். நம் கணக்கில் இருபத்துநான்கு வேலி! 1872இல் சட்டம் போட்டு, குடியேறி உழுகிறவனுக்குப் பத்து டாலர் கட்டணத்தில் இருபத்துநான்கு வேலியைக் கொடுத்தார்கள். அது யாருடைய நிலம் என்று நானும் முதலில் யோசிக்கவில்லை. இந்த மண்ணின் பூர்வகுடிகளான கிரீ மக்களும் மெட்டி மக்களும் காட்டெருமை மந்தைகளோடு வாழ்ந்த நிலம். 1876இல் அரசுக்கும் கிரீ முதலிய பூர்வகுடிகளுக்கும் இடையே நிலம் பற்றிய ஆறாம் உடன்படிக்கை கையெழுத்தானது. அடுத்த சில ஆண்டுகளில் காட்டெருமைகள் வேட்டையில் அழிந்தே போயின. ஊருக்கு வடக்கே வானஸ்கேவின் என்ற பாரம்பரியப் பூங்கா இருக்கிறது. அங்கே 2019 டிசம்பரில் காட்டெருமைகளை மறுபடி கொண்டுவந்து விட்டார்கள். அடுத்த ஆண்டே அவை புழுதியில் புரண்ட இடத்தில், பழங்காலத்தார் செதுக்கிய பாறை வெளியே தெரிந்தது. பாப்பாவை அழைத்துப்போய்க் காட்டினேன். மனிதர் தேடியும் கிடைக்காததை அந்த மாடுகள் கண்டெடுத்தன என்பதை இன்றும் நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1988இல் மஸ்கெக் லேக் என்ற கிரீ சமூகத்தார் இதே நகரத்துக்குள் நிலத்தைத் தங்கள் உரிமை நிலமாகப் பெற்றார்கள். இன்று அங்கே அலுவலகங்களும் கடைகளும் நடக்கின்றன. பறிபோன நிலத்துக்கு அது ஈடாகாது, ஆனால் நகரம் வளரும்போது அவர்களுக்கும் பங்கு என்ற நிலை கொஞ்சமாவது வந்திருக்கிறது.

நான் அளக்கப்போகும் இடத்தில் முதல் வேலை, மேல்மண்ணைச் சுரண்டி ஒரு பக்கம் குவிப்பது. கரும்பழுப்பு மண். ஆள் உயரத்துக்கு மேல் நீளமாகக் குவிந்து கிடக்கும். போன ஆண்டு வரை கனோலா விளைந்த நிலம் என்பதால் தட்டையும் வேருமாக இருக்கும். ஒரு பிடி அள்ளி அமுக்கினால் உருண்டை பிடிக்கிறது, விரலால் தட்டினால் பொலபொலவென்று உதிர்கிறது. நீங்கள் பார்த்தால் விடமாட்டீர்கள். வீடு கட்டி முடித்ததும் அதிலேயே கொஞ்சம் எடுத்து அரையடி கனத்துக்கு முற்றத்தில் பரப்பி, பாய் மாதிரி சுருட்டி வந்த புல்லை மேலே விரித்துவிடுகிறார்கள். மிச்ச மண் லாரியில் விலைக்குப் போகிறது. ஓர் அங்குலம் மேல்மண் உண்டாக எத்தனை நூற்றாண்டு என்று பாடத்தில் படித்தவள் நான். அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் கருவியை நிறுத்தி அளக்கும்போது மனம் கனக்கிறது.

ஊரின் வடகிழக்கு விளிம்பில் ஏர் படாத புல்வெளி ஒன்று மிச்சம் இருக்கிறது. பனிப்பாறை உருகி ஓடிய பழைய ஆற்றுத் தடம், இருபது கிலோமீட்டருக்கும் மேல் நீளம். இளவேனிலில் ஒரு வகைக் காட்டுக்கோழி கூட்டமாகக் கூடி இறகை விரித்து ஆடும். புதுக் குடியிருப்புகள் அதன் கரை வரைக்கும் வந்துவிட்டன. இப்போது மாகாண அரசு ஊரைச் சுற்றி அமைக்க நினைக்கும் விரைவுச் சாலை அதன் குறுக்கே போகிறது. பலர் எதிர்க்கிறார்கள். நான் சாலையே வேண்டாம் என்கிற கட்சி இல்லை. ஆனால் சாலையை வளைக்கலாம், அந்தப் புல்வெளியை வேறெங்கும் நட்டு வளர்க்க முடியாது.

இனி கீழவயல்.

இந்த ஊர் வீட்டு விலை பொட்டாஷ் விலையோடு ஏறி இறங்குகிறது. 2007இல் கிடுகிடுவென ஏறியது. 2013இல் ரஷ்யப் பொட்டாஷ் நிறுவனம் ஒன்று பெலாரஸோடு வைத்திருந்த கூட்டு விற்பனையை முறித்துக்கொண்டதும் உலக விலை சரிந்தது. அந்த டிசம்பரில் இங்குள்ள பெரிய பொட்டாஷ் நிறுவனம் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை வேலையை விட்டு நிறுத்தியது, அதில் பல நூறு பேர் இந்த மாகாணத்தவர். 2019இல் கோலன்சே சுரங்கத்தை நிறுத்தினார்கள், 2021இல் மறுபடி திறந்தார்கள். 2022 உங்களுக்கு நினைவிருக்கும். உக்ரைன் போர், ரஷ்யா, பெலாரஸ் சரக்கு வரத்தில் தடங்கல். மூட்டை ஆயிரத்து எழுநூறு ரூபாய் ஆகிவிட்டதென்று புலம்பினீர்கள். அதே ஆண்டு இங்கே நியூட்ரியன் நிறுவனம் அதுவரை காணாத லாபம் கண்டது. ஊரே உற்சாகத்தில் இருந்தது. உங்கள் பொட்டாஷ் செலவை நினைத்து எனக்கு அந்த உற்சாகத்தில் கலந்துகொள்ள மனம் வரவில்லை.

இப்போது எல்லோர் பேச்சும் ஜான்சன். கிழக்கே சுமார் 140 கிலோமீட்டரில் பிஹெச்பி நிறுவனம் தோண்டும் புதுச் சுரங்கம். இதே நிறுவனம் 2010இல் இங்குள்ள பெரிய நிறுவனத்தையே விலைக்குக் கேட்டது, கனடா மத்திய அரசு தடுத்துவிட்டது. 2021 ஆகஸ்டில் 570 கோடி அமெரிக்க டாலரில் ஜான்சன் முதல் கட்டத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். பிறகு செலவும் ஏறியது, தொடங்கும் காலமும் 2027க்குத் தள்ளிப்போயிற்று. இவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே கணக்கு தப்பும் தொழிலை நம்பி, இருபத்தைந்து ஆண்டுக் கடனில் வீடு வாங்கும் நாங்கள், நம் வயலையும் அதில் கொண்டுவந்து போடக் கூடாது. ஜான்சன் கட்டுமானம் முடிந்து ஒப்பந்த வேலை குறைந்தால் அவருக்கு இதே சம்பளம் இருக்குமா என்று அவருக்கே உறுதி இல்லை.

அதனால் வேண்டாம் அப்பா. வாடகை வீட்டில் நாங்கள் சௌகரியமாக இருக்கிறோம். சேமிப்பு சேர்ந்த பிறகு சிறிய வீடாக, ஊருக்குள்ளேயே பழைய வீடாகப் பார்த்துக்கொள்கிறோம். அவரும் இதையேதான் சொல்கிறார். கீழவயல் தாத்தா சம்பாதித்தது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. வாய்க்கால் தலைப்பில் இருக்கிற, முப்போகமும் தண்ணீர் ஏறுகிற நிலம் அது. போனால் வராது.

தம்பியிடம் சொல்லுங்கள்: சுரங்க வேலைக்கு வர வேண்டுமென்றால் டிப்ளமோவை முழுதாக முடிக்கட்டும். முகவர் யாருக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம். நீங்கள் இந்தப் போகம் மேலுரம் போடும் முன்னால் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ், மண்ணில் போதுமான அளவு இருந்தால் அரை மூட்டையாவது மிச்சமாகும்.

கீழவயல் பட்டா நகலைத் தரகரிடம் கொடுத்திருப்பதாகத் தம்பி சொன்னான். கடிதம் கிடைத்ததும் அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அம்மாவுக்கு என் அன்பு. பாப்பா தாத்தாவுக்கு ஒரு படம் வரைந்திருக்கிறாள், கூடவே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்