ஏழாவது கிணறு

போன ஞாயிறு பின்னேரம் திருகோணமலை பிரட்றிக் கோட்டை வாசலில் கண்ட அம்மாவுக்கு நன்றி. பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

வேலை முடிந்து இரவிரவாகக் கீறின திருகோணமலை வரைபட அட்டைகளை மூன்று மாதமாகப் பையிலேயே கொண்டு திரிந்தேன். ஆரும் பிழை சொல்லிப்போடுவினமோ என்ற பயம்.

நீங்கள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினீர்கள். "தம்பி, கன்னியாவில ஏழு வெந்நீர்க் கிணறு. இதில ஆறுதான் கிடக்கு." நான் பயந்த பேச்சு அதுதான். சொல்லிப்போட்டு நாலு அட்டை வாங்கினீர்கள். (கோட்டையில நிக்கிற மானை நான் கீறினது ஆடு மாதிரிக் கிடக்கெண்டு நீங்கள் சிரித்தது வேறு கதை.)

அன்றிரவே ஏழாவதைக் கீறினேன். அடுத்த நாள் கடைகடையாக நானே கொண்டுபோய்க் காட்டினேன். உங்களுக்கு மிச்சக் காசு இருபது ரூபா தரவேணும் அம்மா. திருத்தின அட்டையும் எடுத்து வைத்திருக்கிறேன்.