சூடேறாத வண்டி

நாமக்கல்,
ஞாயிறு இரவு.

மாப்பிள்ளை,

தீபாவளிக்குப் பிறகு ஒரு போன்கூட இல்லை என்று நீ திட்டுவது இங்கே வரை கேட்கிறது. திட்டி முடித்துவிட்டே படி. பேசிவிடலாம் என்று நாலைந்து தடவை போனைக் கையில் எடுத்தேன். ஆனால் இந்தக் கதைக்கு நீ நடுவில் புகுந்து சிரிப்பாய், சிரித்து முடித்ததும் கெட்ட வார்த்தையில் ஆரம்பிப்பாய். அதனால்தான் கடிதம்.

வீட்டில் எல்லோரும் சுகம். உன் தங்கச்சிக்கு முழங்கால் வலி அப்படியேதான். பெரியவள் பன்னிரண்டாவது, அவளைவிட அவள் அம்மாவுக்குத்தான் பரீட்சை பயம். அங்கே தங்கச்சியையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல். அவ்வளவுதான், விஷயத்துக்கு வருகிறேன்.

பொங்கல் முடிந்ததும் என் லாரியை ஓட்டிக்கொண்டிருந்த மீசை அண்ணனை வேலையை விட்டு அனுப்பிவிட்டேன். ஆமாம், நம் மீசை அண்ணனைத்தான். டீசல் திருடுகிறார் என்று.

பொறு, கிழித்துப் போட்டுவிடாதே.

அந்தப் பன்னிரண்டு சக்கர வண்டி லிட்டருக்கு 4.1 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது உனக்கே தெரியும். ஐப்பசியில் 3.8 ஆனது. மார்கழியில் காஷ்மீர் ஆப்பிள் ஏற்றப் போன நடையில் 3.6. மாதம் 9,000 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் அது 300 லிட்டர் கூடுதல் டீசல். ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டால் தூக்கம் வருமா? டேங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டேன். அப்புறம் அவருக்குக் கொடுக்கும் படிப் பணத்தில் பிடித்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "தம்பி, வண்டி சூடே ஏற மாட்டேங்குது. முள்ளு பாதிக்கு மேல வரல. பானிபட்டுல பனி தாங்காம ரேடியேட்டருக்கு முன்னாடி கோணிச் சாக்கு கட்டி ஓட்டினேன், அப்ப கொஞ்சம் நல்லா இழுத்துச்சு."

நான் சிரித்தேன் மாப்பிள்ளை. வண்டி கொதிக்கிறது என்றால் பயப்படலாம், குளிர்ச்சியாக ஓடுகிறது என்று யாராவது புகார் சொல்வார்களா? "காய்ச்சல் இல்லைன்னு ஆஸ்பத்திரிக்குப் போவாங்களாண்ணா" என்று கேட்டேன். அவர் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

புது டிரைவர் போட்டேன். சின்னப் பையன், நெற்றியில் விபூதி, டேங்கில் பூட்டு. மைலேஜ் 3.6!

அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பட்டறைக்கு விட்டேன். சூடு காட்டும் மீட்டர் பொய் சொல்கிறது என்று சென்சாரை மாற்றினார்கள். முள் அதே இடம். காலையில் கிளப்பினால் வெள்ளைப் புகை வருகிறதே, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டராக இருக்கும் என்று அதையும் கழற்றி சோதித்தார்கள். அதில் ஒன்றும் இல்லை, பில் மட்டும் இருந்தது. ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் அளவு ஏறியிருக்கிறது. ஆயில் குடிக்கிற வண்டி பார்த்திருக்கிறோம், ஆயில் ஊறுகிற வண்டி உண்டா? மோந்து பார்த்தேன், டீசல் வாடை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெண்ணெய் மாதிரி படிந்திருக்கிறது.

அப்போதுதான் அண்ணன் சொன்னது மண்டையில் ஏறியது. எஞ்சின் சுவர் சில்லென்று இருந்தால் டீசல் முழுசாக எரியாது. எரியாதது சுவரோரமாக வழிந்து கீழே ஆயிலில் கலக்கும். உள்ளே உண்டாகிற நீராவியும் ஆயில் நன்றாகச் சுட்டால்தான் வெளியேறும், இல்லாவிட்டால் அங்கேயே தங்கி வெண்ணெய் ஆகும். எலெக்ட்ரானிக் வண்டி வேறு, எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து அதற்கேற்றாற்போல் டீசலைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. நானும் திருடனைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இனி யாரையும் நம்புவதில்லை என்று நானே இறங்கினேன். உனக்குச் சிரிப்பு வரும். ரேடியேட்டரில் மோர் ஊற்றிய ஆள் நீ, அதனால் ரொம்பச் சிரிக்காதே.

முதலில் மீட்டர் பொய்யா என்று பார்க்க வேண்டும். காய்ச்சலுக்கு நெற்றியில் காட்டுவார்களே, அதே மாதிரி பட்டறைக்கென்று ஒரு துப்பாக்கி விற்கிறது. வாங்கினேன். எஞ்சின் சூடாகிற வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கிற வால்வுதான் தெர்மோஸ்டாட். மீட்டர் 60 டிகிரி காட்டும்போது, அதன் மூடி மேல் காட்டினால் 57. இரும்பின் வெளிப்பக்கம் இரண்டு மூன்று குறைத்துத்தான் காட்டும். ஆக மீட்டர் யோக்கியன்.

அடுத்தது ஃபேன். ஃபேன் கிளட்ச் பிடித்துக்கொண்டால் எந்நேரமும் சுற்றி எஞ்சினைக் குளிர வைக்கும், ஏரோப்ளேன் மாதிரி சத்தமும் வரும். சத்தம் இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையால் தள்ளினேன், வழக்கமான இழுவையோடுதான் நகர்ந்தது.

மறுநாள் லோடோடு நானே தொப்பூர் கணவாய்க்குப் போனேன். சேலத்திலிருந்து ஏறும்போது முள் மெல்ல மெல்ல 76 வரை வந்தது. தர்மபுரியில் இறக்கிவிட்டு அதே கணவாயில் கீழே வந்தேன், 52. அங்கேயே பாதி புரிந்துவிட்டது. வால்வு ஒழுங்காக இருந்தால் மேடோ பள்ளமோ முள் ஒரு இடத்தில் நிற்கப் பார்க்கும். இது காற்றுக்கும் பாரத்துக்கும் தகுந்தபடி ஆடுகிறது.

விடியற்காலையில் ஆறின எஞ்சினைக் கிளப்பிவிட்டு மேல் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எஞ்சின் நன்றாகச் சூடாகிற வரை அது சில்லென்று இருக்க வேண்டும், அப்புறம் வால்வு திறந்ததும் கையை வைக்க முடியாமல் சுட வேண்டும். இங்கேயோ ஆரம்பத்திலிருந்தே குழந்தையைக் குளிப்பாட்டக் கலந்த தண்ணீர் மாதிரி வெதுவெதுப்பு. வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டது என்று முடிவு செய்து, எஞ்சின் முழுக்க ஆறட்டும் என்று காத்திருந்து மூடியைக் கழற்றினேன்.

உள்ளே வால்வே இல்லை.

வெறும் பள்ளம். சுற்றிலும் பட்டறைக்காரர் தடவிய சிவப்புப் பசை. அந்தச் சிவப்பைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. போன சித்திரையில் அதிலாபாத் தாண்டி வண்டி கொதித்து நின்றது. அண்ணன் போன் போட்டார். "தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்லுங்கண்ணா, நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு அது?" என்று சொன்னது யார் தெரியுமா? நான்தான். நம் மேஸ்திரி நமக்குச் சொல்லிக்கொடுத்த அதே பாடம். 'குளிர் நாட்டுக்காரன் வைத்தது' என்பாரே. அண்ணன் அன்றைக்கே "வேண்டாந் தம்பி, ரேடியேட்டர்ல பஞ்சு அடைச்சிருக்கு, அதை ஊதினாப் போதும்" என்றார். பருத்தி லோடு ஏற்றிய வண்டி, அவர் சொன்னதுதான் சரி. வால்வைக் கழற்றியும் அந்த நடையில் இன்னொரு தடவை கொதித்தது. கழற்றினால் பைபாஸ் வழி அடைபடாமல் கொஞ்சம் சுடுதண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குத் திரும்பிவிடுகிறது. இதெல்லாம் இப்போது படித்துத் தெரிந்துகொண்டது.

புது வால்வு வாங்கி, மாட்டுவதற்கு முன்னால் சோதித்தேன். உன் தங்கச்சியின் பால் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, வால்வை நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வைத்தேன். அவள் போட்ட சத்தம் உனக்குக் கேட்டிருக்கும். வால்வில் 82 என்று அடித்திருந்தது. 80 வரை அசையவில்லை. 82ஐத் தாண்டியதும் கண்ணிமை மாதிரி மெதுவாகத் திறந்தது. அடுப்பை அணைத்ததும் அதுவே மூடிக்கொண்டது. சின்னவள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்றாள். மெழுகு, உருகினால் பெருத்து ஊசியைத் தள்ளும் என்றேன். "மெழுகுதான் லாரி ஓட்டுதாப்பா?" என்றாள்.

மாட்டி, ஆயிலையும் மாற்றிவிட்டு ஓடவிட்டேன். முள் 84ல் நிற்கிறது. போன நடை 4.0.

உன் மச்சான் புதுப் புகை விதிப்படி வந்த பிஎஸ்6 வண்டி வாங்கியிருக்கிறானே, அவனிடமும் சொல்லி வை. சூடு ஏறாவிட்டால் அதில் புகை ஃபில்டர் கரியை எரிக்காது. அடைத்துக்கொண்டால் என் செலவெல்லாம் செலவே இல்லை.

அண்ணன் இப்போது ராசிபுரத்தில் முட்டை வண்டி ஓட்டுகிறாராம், அறுபதை நெருங்குகிற வயதில், உள்ளூர் நடை. நமக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த கை. டீக்கடையில் பார்த்த நம் பழைய கிளீனர் பையன் சொன்னான், என்னைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லையாம். திட்டியிருந்தால் தேவலை.

இரண்டு தடவை ராசிபுரம் பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பிவிட்டேன். நான் மட்டும் போனால் "வாங்க முதலாளி" என்பார். இருபது வருஷமாகத் தம்பி என்று கூப்பிட்ட வாய் அது. அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. நீ கூட வந்தால் உன்னைத் திட்ட ஆரம்பிப்பார், அந்தச் சாக்கில் நான் உள்ளே போய்விடுவேன்.

படியில் பிடித்தது 11,400. கவரில் போட்டு வைத்திருக்கிறேன். பழைய வண்டிக்கே திரும்பி வரச் சொல்லியும் கேட்பதாக இருக்கிறேன், வருவாரோ மாட்டாரோ.

வருகிற ஞாயிறு ஓசூரில் முதல் பஸ் ஏறு. ஒன்பது மணிக்கு ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில், பூக்கடை பக்கம் நிற்பேன். வர முடியாவிட்டால் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் மாமன்

மறக்காமல் உன் ரேடியேட்டர் மோர் கதையை அங்கே நீயே ஆரம்பித்துவிடு. அண்ணன் அதற்குச் சிரிக்காமல் இருந்ததில்லை.