பூமியின் சுழற்சியும் ஏற்காட்டுப் பூமழையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

துருவப் பனி உருகுவதால் பூமியின் சுழற்சி மந்தமாகிறது, அதனால் விவசாயம் அழியப்போகிறது என்று ஏற்காட்டுத் தேநீர்க் கடைகளிலும் பேசத் தொடங்கிவிட்டார்கள். இதில் முற்பாதி உண்மை, பிற்பாதி உண்மையன்று.

கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் உருகும் நீர் கடலில் கலந்து நிலநடுக்கோட்டுப் பக்கம் பரவும்போது எடை அச்சைவிட்டு விலகுவதால், தட்டாமாலை சுற்றும் குழந்தை கைகளை விரித்ததும் வேகம் தணிவதைப் போலப் பூமியின் சுழற்சியும் தணிகிறது. 2000க்குப் பிறகு இக்காரணத்தால் நாளின் நீளம் நூற்றாண்டுக்கு 1.33 மில்லி விநாடி என்ற வீதத்தில் கூடிவருவதாகச் சூரிச் ஆய்வாளர்கள் 2024இல் கணக்கிட்டார்கள். அணுக்கடிகாரத்தை நம்பிச் செயற்கைக்கோள்களை இயக்குவோருக்கு இது பெரிய சங்கதி. காபிச் செடிக்கும் குச்சிக்கிழங்குக்கும் இது உறைக்காது.

செடிக்கு உறைப்பது பனியை உருக்கும் அதே வெப்பம்தான். வெப்பம் கூடக் கூட, மழை கொட்டித் தீர்ப்பதும் பிறகு வாரக்கணக்கில் முகம் காட்டாமல் போவதும் கூடுகின்றன. பங்குனியில் ஒரு நல்ல பூமழை, அதாவது காபியைப் பூக்கவைக்கும் மழை, கிடைத்தால், செடியின் கணுக்களில் பச்சை மொட்டாக உறங்கிக் கிடப்பவை பத்து நாளுக்குள் வெள்ளை வெளேரென்று விரிந்து மல்லிகை போல மணக்கும். அரைகுறைத் தூறலோடு வானம் வெளுத்து வெயில் காய்ந்தாலோ, மொட்டுகள் முழுதாக விரியாமல் கருகுகின்றன. அப்படிக் கருகி உதிர்ந்தவற்றை என் தோட்டத்தில் கை நிறைய அள்ளியிருக்கிறேன். அந்தக் கிளைகளில் அந்த வருடம் காய் இல்லை.

இதைவிட என்னை உறுத்துவது நிலத்தடி நீர். 1993 முதல் 2010 வரை உலகெங்கும் உறிஞ்சப்பட்ட நிலத்தடி நீர், ஏறத்தாழ 2,15,000 கோடி டன், பெரும்பாலும் கடலைச் சேர்ந்ததால் பூமியின் சுழற்சி முனை, அதாவது சுழலும் அச்சு தரையைத் தொடும் இடம், சுமார் 80 செ.மீ. கிழக்கே நகர்ந்ததாக 2023இல் வெளியான ஆய்வு கூறுகிறது. இதில் பெரும்பங்கு வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கும் வடமேற்கு இந்தியாவுக்கும் உரியது. பருவங்களை மாற்றும் அளவுக்கு இந்த நகர்வு பெரிதன்று. ஆனால் மோட்டார் போட்டு நாம் இறைக்கும் நீருக்கு அவ்வளவு எடை உண்டு என்பதை ஒவ்வொரு விவசாயியும் அறிய வேண்டும். ஓமலூர் அருகே என் அண்ணன் ஆயிரம் அடிக்குப் போர் போட்டார். விடிய விடிய நின்று பார்த்த எங்களுக்குப் பாறைத்தூள் புகையாகப் பறந்ததுதான் மிச்சம்.

மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைப் போலவே, நம் மாவட்டத்தின் ஒவ்வொரு வட்டாரத்து நிலத்தடி நீர்மட்டத்தையும் ஏற்காட்டின் மழையளவையும் தாங்கள் தொடர்ந்து வெளியிட வேண்டுகிறேன். அடுத்த போர் வண்டியை அழைக்குமுன் அதைப் பார்த்து யோசிக்கப் பலர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
காபி விவசாயி ஒருவர்,
ஏற்காடு.