டேப் பிடித்த கைகளுக்கு நன்றி

எங்கள் வார்டில் பள்ளிக்கூடச் சாலையின் நடைபாதை வேலை முடிந்துவிட்டது. பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால், அவரவர் செய்த வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறோம்.

முதல் நன்றி அளந்தவர்களுக்கு. எஸ்டிமேட்டில் நடைபாதையின் அகலம் என்று எழுதியிருப்பது ஓரக்கல்லிலிருந்து மதில்வரை உள்ள தூரம். நடப்பவருக்குக் கிடைப்பதோ மின்பெட்டி, மரத்தொட்டி, கடைப்படி, நிறுத்திய பைக் எல்லாம் போக மிஞ்சுவதுதான். அந்த மிச்சம் குடியிருப்புப் பகுதியில் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும், தரையிலிருந்து 2.2 மீட்டர் உயரம்வரை தடையின்றி இருக்கவேண்டும் என்கிறது இந்தியச் சாலைக் காங்கிரஸின் (ஐ.ஆர்.சி.) 103-ஆம் எண் விதிமுறை. பத்தடிக்கு ஒருமுறை டேப் வைத்து, இடுக்கான இடங்களை வீட்டு எண்ணோடு குறித்துக் கொடுத்தீர்கள். ‘நடக்க முடியவில்லை’ என்று மட்டும் எழுதும் மனு ஃபைலுக்குள் போய்விடும். அளவும் இடமும் எழுதிய மனுவுக்கு யாராவது நேரில் வந்து பார்த்தே ஆகவேண்டும்.

பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் எஸ்டிமேட்டையும் வரைபடத்தையும் கேட்டு வாங்கிய நண்பர்களே, 30 நாள் கெடுவை விடாமல் எண்ணியதற்கு நன்றி. நடந்துகொண்டிருக்கும் வேலையை நேரில் போய்ப் பார்வையிடவும் அதே சட்டம் உரிமை தருகிறது. பலருக்கும் இது தெரிவதில்லை. சென்னை மாநகராட்சி 2014-லேயே நடை, சைக்கிள் போன்ற மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்றிருப்பதைப் பகுதி சபைக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னவர்களும் நீங்கள்தான்.

வார்டுப் பொறியாளருக்குத் தனி நன்றி. நடைபாதை ஒவ்வொரு கேட்டுக்கும் இறங்கி ஏறினால், வயதானவர்கள் சாலையிலேயே நடந்துவிடுவார்கள். நடைபாதை ஒரே மட்டத்தில் ஓட, காருக்கான சரிவை ஓரக்கல் பக்கம் அமைத்துக் கொடுத்தார். நடைபாதையின் உயரத்தை 150 மில்லிமீட்டருக்கு மேல் விடவில்லை. தெருமுனைச் சரிவு, உயரம் ஒன்றுக்கு நீளம் பன்னிரண்டு, அதாவது 150 மில்லிமீட்டர் உயரத்துக்கு 1.8 மீட்டர் நீளம். இந்த நீளத்தைக் குறைத்தால் சக்கர நாற்காலி பின்னால் சாயும்.

சிக்னலில் நடந்து காட்டிய தாத்தா பாட்டிகளை மறக்கவே முடியாது. 14 மீட்டர் சாலையை நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் கடக்க 12 நொடி போதும். 0.8 மீட்டர் வேகத்தில் நடப்பவருக்கு 17 நொடிக்கு மேல் வேண்டும். ஸ்டாப்வாட்ச் வைத்து இதைக் காட்டிய பிறகுதான் பச்சை விளக்கின் நேரம் கூடியது. அதற்கு இசைந்த போக்குவரத்துக் காவலர்களுக்கும் வணக்கம்.

பார்வையற்ற நண்பர் ஒருவர் கைத்தடியோடு வந்து, பார்வையற்றோர் தடவி வழி அறியப் பதிக்கும் தடவுகல் வரிசை நேராக மின்பெட்டியில் போய் முட்டுவதைக் கண்டுபிடித்தார். கோட்டுக்கல் ‘போகலாம்’ என்கிறது, புள்ளிக்கல் ‘நில்’ என்கிறது. இரண்டையும் மாற்றிப் பதித்தால் கல்லே இல்லாததைவிட ஆபத்து. முகம் சுளிக்காமல் பெயர்த்துத் திரும்பப் பதித்த மேஸ்திரிக்கும் சித்தாள்களுக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். படியை உள்ளே இழுத்துக்கொண்ட கடைக்காரர்களுக்கும்தான்.

பள்ளி வாசலில் குறுக்குப்பாதையை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தியதால் வண்டிகள் மெதுவாகப் போகின்றன. ஆனால் மழைநீர் மேட்டுப்பக்கம் தேங்கும். அங்கே உள்ள கம்பிச்சட்ட வடிகாலில் இலை அடைக்காமல் தினமும் எடுத்துவிடும் தூய்மைப் பணியாளர் அக்காவுக்கு நன்றி.

அடுத்த முறை தார் போடும்போது, பழைய அடுக்கைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டால் சாலை உயர்ந்து, நடைபாதையின் இந்த 150 மில்லிமீட்டரும் கரைந்துவிடும். அன்றைக்கு நின்று பார்க்க இப்போதே பெயர் கொடுத்திருக்கும் இளைஞர்களுக்கு முன்கூட்டியே எங்கள் நன்றி.

இப்படிக்கு,
பள்ளிக்கூடச் சாலைக் குடியிருப்போர்